பழைய எம்எக்ஸ்-5 வாங்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீர் எங்கே போகிறதென்று பாருங்கள்

இரண்டே இருக்கை, கையால் மடிக்கும் துணிக்கூரை, பின்சக்கரங்களைச் சுழற்றும் சின்ன இன்ஜின், ஒரு டன்னை ஒட்டிய எடை. மாஸ்டா எம்எக்ஸ்-5 என்றால் இவ்வளவுதான். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்கள். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் ஹிரோஷிமா ஆலையிலிருந்து வெளியே வந்தது. கூரை திறக்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது இதுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் மியாட்டா என்பார்கள். ஜப்பானில் ஆரம்பத்தில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றார்கள். இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படவே இல்லை. ஆகவே பிரிட்டனில் இருந்துகொண்டு, பழைய எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்கி வார இறுதிகளில் ஓட்ட ஆசைப்படுபவருக்காக இதை எழுதுகிறேன். வேறு நாட்டில் இருப்பவர்கள் இங்குள்ள வரி, சோதனை விவரங்களைத் தள்ளிவிட்டு மற்றதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் காரை இன்ஜினைப் பார்த்து வாங்காதீர்கள், பாடியைப் பார்த்து வாங்குங்கள். எண்ணெய் ஒழுங்காக மாற்றிய இன்ஜின் 1,50,000 மைல் தாண்டியும் சலிக்காமல் ஓடும். கெட்டாலும் இன்னொன்றைத் தேடிப் போட்டுக்கொள்ளலாம். துரு பிடித்த பாடிக்கு வெல்டிங் செய்யும் செலவு சில சமயம் காரின் விலையையே தாண்டிவிடும். கூரையில் விழும் மழை எந்த வழியாக வெளியேறுகிறது, குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு எங்கே போய்த் தங்குகிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் இந்தக் காரைப் பற்றிப் பாதி தெரிந்த மாதிரி.

எந்தத் தலைமுறை?

முதல் தலைமுறை 1989 முதல் 1997 வரை. ஹெட்லைட் மேலெழும்பி விழிப்பது இதில் மட்டும்தான். 1.6 லிட்டர் இன்ஜின் சுமார் 115 குதிரைத்திறன் தரும். பிறகு 1.8 வந்தது. 1995 வாக்கில் பிரிட்டனில் விற்ற 1.6 கார்களில் 90 குதிரைத்திறனுக்குக் குறைத்த வகை ஒன்று உண்டு, எனவே எந்த 1.6 என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானிலிருந்து இறக்குமதியான யூனோஸ் கார்களும் இங்கே நிறைய உண்டு. ஏசி, பவர் விண்டோ போன்ற வசதிகள் அவற்றில் கூடுதலாக இருக்கும். ஆனால் மீட்டர் கிலோமீட்டரிலா மைலிலா, எப்போது மாற்றினார்கள் என்று பார்க்க வேண்டும். அடிப்பாகத்தின் பாதுகாப்புப் பூச்சும் அவற்றில் குறைவு.

இரண்டாம் தலைமுறை 1998 முதல் 2005 வரை. எழும் ஹெட்லைட் போய்விட்டது, பிளாஸ்டிக் பின்ஜன்னலுக்குப் பதில் கண்ணாடி வந்தது. ஓட்டுவதற்கு முதல் தலைமுறைக்குச் சளைத்ததல்ல, விலையோ பெரும்பாலும் குறைவு. துருதான் சிக்கல், அதிலும் முன்பக்கச் சேசிஸில். கீழே விரிவாகச் சொல்கிறேன்.

2005-இல் வந்த மூன்றாம் தலைமுறை கொஞ்சம் பெரியது. இன்ஜின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், தாராளமான இடம். 2006-இலிருந்து மின்சாரத்தில் மடியும் கடினக்கூரை வகையும் கிடைத்தது. ரசிகர்கள் பலர் இதைக் குறைத்துப் பேசுவார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஸ்பானரைத் தொடவே விருப்பமில்லாத புதியவருக்கு இதுவே நிம்மதியான கார். 2015-இல் வந்த நான்காம் தலைமுறை மறுபடி ஆயிரம் கிலோவை ஒட்டி இளைத்தது, ஓட்டவும் அருமை. ஆரம்ப ஆண்டுகளின் 2.0 லிட்டர் கார்களில் கியர்பாக்ஸ் கெட்டதாகப் புகார்கள் வந்தன. கியர் மாற்றும்போது கரகரப்பு இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

கையில் கிரீஸ் படுவதில் ஆர்வம் இருந்தால் முதல் இரண்டு தலைமுறைகளுக்குப் போங்கள். இனி எழுதுவது பெரும்பாலும் அவற்றைப் பற்றித்தான்.

தேடும் முன் வீட்டுக் கணக்கு

முதலில் உட்கார்ந்து பாருங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. முதல் இரண்டு தலைமுறைகளில் ஸ்டீயரிங்கை மேலும் கீழும் நகர்த்த முடியாது, முன்னும் பின்னும் இழுக்கவும் முடியாது. ஆறடி உயரத்தவருக்குக் கண்ணாடியின் மேல்சட்டம் நேர் கண்ணெதிரே நிற்கும், தலை துணியில் உரசும், முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும். கூரையை மூடி வைத்துத்தான் சோதிக்க வேண்டும். விற்பவர் எப்போதும் திறந்து வைத்துத்தான் காட்டுவார்.

இது குடும்பத்தின் ஒரே காராக இருக்க முடியாது. பிள்ளை பிறந்ததும் விற்பனைக்கு வரும் கார்களில் இது முன்வரிசை. பின்னிருக்கை கிடையாது, முதல் தலைமுறை டிக்கி 124 லிட்டர்தான், அதிலும் ஸ்டெப்னியும் பேட்டரியும் குடியிருக்கும். தமிழ்க் கடைக்குப் போனால் ஓர் அரிசிப் பையும் காய்கறியும் வரும், அதற்குமேல் மடியில்தான். முன்னிருக்கை ஏர்பேக் இயங்கும் நிலையில் இருந்தால் பின்நோக்கிய குழந்தை இருக்கையை அங்கே பொருத்தவே கூடாது. அது சட்டத்துக்கும் புறம்பு.

லண்டன்வாசிகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் மண்டலம், அதாவது புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் பகுதி, லண்டனின் எல்லா பரோக்களுக்கும் (நகராட்சிப் பகுதிகளுக்கும்) விரிந்துவிட்டது. ஹாரோ, டூட்டிங், ஈஸ்ட்ஹாம் என்று நம்மவர்கள் அதிகமுள்ள எல்லாப் பகுதிகளும் உள்ளே. விதிக்கு உட்படாத கார் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. பெட்ரோல் காருக்கு யூரோ 4 என்ற புகைத் தரம் வேண்டும், அது பொதுவாக 2006-க்குப் பிந்திய கார்களுக்குத்தான் இருக்கும். முதல் தலைமுறை சிக்கிக்கொள்ளும். இரண்டாம் தலைமுறையில் பிற்காலத்தவை சில தப்பும், எல்லாம் தப்பாது. ஒரே மாதிரி தோன்றும் இரண்டு கார்களுக்கு வெவ்வேறு பதில் வரலாம் என்பதால், பார்க்கக் கிளம்பும் முன்பே பதிவு எண்ணை லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். 40 வயதான பழமை வாகனங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் 1990 எம்எக்ஸ்-5 அந்த வயதை எட்ட 2030 ஆகும்.

காப்பீட்டையும் காரை வாங்கும் முன்பே விசாரியுங்கள். 25 வயதுக்குக் கீழென்றால் விலையைக் கேட்டுத் தலை சுற்றும். இரண்டாவது கார், வருடத்துக்கு இத்தனை மைல்தான் என்று வரம்பு வைத்தால் குறையும். எல்லா மாற்றங்களையும் சொல்லிவிட வேண்டும், ஸ்டீயரிங் மாற்றியிருந்தால் அதையும்.

பார்க்கப் போகும்போது

கிளம்பும் முன் அரசு இணையதளத்தில் எம்ஓடி எனப்படும் வருடாந்திர வாகனச் சோதனையின் வரலாற்றை எடுங்கள். பதிவு எண் மட்டும் போதும், காசு கிடையாது. தேர்ச்சியா இல்லையா என்பதைவிட அடியில் எழுதியிருக்கும் அறிவுரைக் குறிப்புகள்தான் முக்கியம். மூன்று வருடமாக 'சில் பகுதியில் (கதவுக்கு அடியில்) துரு' என்று எழுதி, நான்காம் வருடம் அந்த வரி திடீரென்று காணாமல் போயிருந்தால், யார் வெல்டிங் செய்தது, படம் இருக்கிறதா என்று கேளுங்கள். மேலே பூசி மறைத்திருக்கவும் கூடும். மைல் கணக்கு வருடா வருடம் ஏறுகிறதா என்பதும் அங்கேயே தெரியும்.

மழை பெய்த மறுநாள் பகலில் போவது நல்லது. மழையிலேயே போகாதீர்கள், நனைந்த பெயின்டில் எல்லாக் காரும் பளபளக்கும். கையில் டார்ச், மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தம், மண்டியிட ஒரு பழைய பாய்.

நேராகப் பின்சக்கரத்துக்கு முன்னால் போய்க் குந்துங்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதியை இங்கே சில் என்பார்கள். அது பின்சக்கர வளைவைத் தொடும் கடைசி ஓரடிதான் இந்தக் காரின் உயிர்நிலை. விரலை அடியில் விட்டுத் தடவுங்கள். விளிம்பு கூர்மையாக, நேராக ஓட வேண்டும். பெயின்ட் கொப்புளித்திருந்தால், அடியில் மொழுமொழுவென்று தடித்திருந்தால், காந்தம் ஓரிடத்தில் ஒட்டி அடுத்த இடத்தில் வழுக்கினால், உள்ளே தகடு போய், ஓட்டையை அடைத்த புட்டிப் பசைதான் நிற்கிறது. வெளியே ஒரு காசளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கையளவு போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் இது உள்ளிருந்து வெளியே வரும் துரு. கூரையின் வடிகால் குழாய்கள் வந்து இறங்குவது இந்த மூலையில்தான்.

அப்புறம் உள்ளே. இருக்கைகளை முன்னால் தள்ளி, பின்னால் உள்ள கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். ஈரம் இருந்தால் வடிகால் அடைத்திருக்கிறது. டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்குங்கள். முதல் இரண்டு தலைமுறைகளில் பேட்டரி டிக்கியின் வலது மூலையில் இருக்கும். அடியில் வெள்ளைப் பொடி, உரிந்த பெயின்ட், பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் இருந்தால் விலையைக் குறைக்க அது ஒரு காரணம்.

இரண்டாம் தலைமுறையென்றால் முன்பக்கம் படுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்கவே வேண்டாம். முன்சக்கரங்களுக்கு இடையே முன்னோக்கி ஓடும் இரண்டு சேசிஸ் தண்டுகள் இரட்டைத் தகடால் ஆனவை. இடையில் ஈரமும் உப்பும் புகுந்து உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். மோதலைத் தாங்க வேண்டிய பகுதி இது. அடித்தட்டு மறைப்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. உங்களுக்குப் பிடிபடவில்லையென்றால் ஒரு கராஜில் லிஃப்டில் ஏற்றிக் காட்ட விற்பவர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

இன்ஜினுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. குளிர்ந்த நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் வரும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏனென்று கேளுங்கள். முதல் தலைமுறையில் மேலே டிக்-டிக்கென்று தட்டும் சத்தம் வரலாம். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வால்வு லிஃப்டர்களின் சத்தம் அது, சூடானதும் அடங்கினால் கவலையில்லை. ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியைப் பாருங்கள். புதிதில் கறுப்பு, வயதாக ஆகப் பழுப்பாக வெளிறும். அந்த நிறம் வந்துவிட்டால் வெடிக்கும் முன் மாற்ற வேண்டும். 1990, 91 ஆரம்பத்து 1.6 இன்ஜின்களில் கிராங்க்ஷாஃப்டின் முன்முனை குட்டையாக இருந்து தொல்லை கொடுத்தது. இன்ஜின் ஓடும்போது முன்னாலுள்ள புல்லி தள்ளாடினால் விட்டுவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது குளிரில் இரண்டாம் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அது இயல்பு. சூடான பிறகும் கரகரத்தால் இயல்பில்லை. கிளட்ச் பெடல் தளர்ந்து, கியர் விழ மறுத்தால் பெரும்பாலும் பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கடத்தும் ஸ்லேவ் சிலிண்டர் கெட்டிருக்கும். மலிவான பாகம்தான், பேரத்துக்கு உதவும்.

பெரிய எக்ஸாஸ்ட், தாழ்த்திய சஸ்பென்ஷன், ஏகப்பட்ட ஸ்டிக்கர் உள்ள காரைப் புதியவர்கள் தவிர்ப்பது உத்தமம். சலிப்பூட்டும் அளவுக்கு அசல் நிலையில், ரசீதுகள் ஒரு கோப்பு நிறைய உள்ள காரைத் தேடுங்கள்.

வாங்கிய முதல் மாதம்

அழகு சாமான் எதுவும் வாங்காதீர்கள். முதலில் எல்லாத் திரவங்களும்: இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக், கிளட்ச், கியர்பாக்ஸ், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல். 1.6 இன்ஜினுக்கு ஃபில்டரோடு சேர்த்துச் சுமார் மூன்றரை லிட்டர் ஆயில் பிடிக்கும். ஃபில்டர் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மேலிருந்து கையை விட்டு முழங்கையைக் கீறிக்கொள்வதைவிட, காரைத் தூக்கி அடியிலிருந்து எட்டுவது எளிது. கியர்பாக்ஸ் ஆயிலைப் புதுப்பித்தாலே அந்த இரண்டாம் கியர் முரண்டு பாதி குறையும்.

டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே அர்த்தம். 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது. முதல் தலைமுறை இன்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வுகள் பிஸ்டனில் மோதாது என்பது ஆறுதல், ஆனாலும் நட்ட நடு மோட்டார்வேயில் நின்றுபோவீர்கள். பெல்ட்டை எடுக்கும்போதே வாட்டர் பம்பையும் மாற்றிவிடுங்கள். அங்கே போய்ச் சேரும் கூலிதான் அதிகம்.

டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வார இறுதிக் கார்களில் டயர் தேய்வதில்லை, கிழடாகிறது. பள்ளம் நிறைய இருந்தும் ரப்பர் கட்டையாகிவிட்ட டயர் மழையில் உங்களைக் கைவிடும். நல்ல பெயருள்ள நிறுவனத்தின் டயர் நான்கும் ஒரே வகையாகப் போடுங்கள், சின்ன அளவென்பதால் செலவு பயப்படும்படி இருக்காது. காற்று முதல் இரண்டு தலைமுறைகளுக்கும் 26 பிஎஸ்ஐ. டயர் கடைக்காரர் பழக்கத்தில் 32 ஏற்றிவிடுவார், வீட்டுக்கு வந்ததும் குறைத்துவிடுங்கள்.

டயர் போட்டதும் நான்கு சக்கர அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. இந்தக் காருக்கு இது ஒப்புக்குச் செய்யும் வேலையல்ல, ஸ்டீயரிங்கின் உயிரே இதில்தான் இருக்கிறது. நான்கு மூலைகளிலும் சரிசெய்யும் போல்ட்டுகள் உண்டு. பழைய கார்களில் அவை துருவேறி இறுகிக் கிடக்கும். முன்கூட்டியே சில நாள் துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள், கராஜிலும் சொல்லிவிடுங்கள்.

தூக்கும்போது ஓர் எச்சரிக்கை. கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைத்து நடுவில் நீளமாக ஓடும் அலுமினியச் சட்டத்தில் ஜாக்கை வைக்கவே கூடாது, வளைந்துவிடும். முன்னால் குறுக்குச் சட்டத்தின் நடுவில், பின்னால் டிஃபரன்ஷியலின் அடியில் ஜாக் வைத்துத் தூக்கி, சில் ஓரத்தில் இரண்டு வெட்டுக்களுக்கு இடையே உள்ள வலுவான இடத்தில் ஸ்டாண்டை நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

கூரையும் வடிகாலும்

'மழை பெய்தால் என்ன பண்ணுவே?' என்று ஊரிலிருந்து அம்மா கேட்பார். மூடிக்கொள்வேன் என்பது பாதி பதில். மூடிய கூரையில் விழும் மழை பின்பக்கம் வழிந்து, கூரைத்துணி பாடியோடு சேரும் இடத்தில் உள்ள ஒரு பிளாஸ்டிக் ஓடையில் விழும். அங்கிருந்து இரண்டு பக்கமும், சீட் பெல்ட் கம்பத்துக்கு அருகில் உள்ள ஓட்டைகள் வழியாகக் குழாயில் இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் கொட்ட வேண்டும். மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் இலை அடைத்தால் வீடு ஒழுகுவதைப் போல, இந்த ஓட்டை அடைத்தால் தண்ணீர் கார்ப்பெட்டிலும் சில்லின் உள்ளேயும் இறங்கும். முன்னே சொன்ன அந்த ஓரடித் துருவின் பிறப்பிடம் இதுதான்.

சுத்தம் செய்வது சுலபம். கூரையைப் பாதி திறந்து, இருக்கைகளை முன்னால் தள்ளி, பின் மூலையில் டார்ச் அடியுங்கள். கறுப்புச் சேறும் இலைத்துணுக்கும் தெரியும். கையில் வருவதை எடுத்துவிட்டு, புல்வெட்டும் இயந்திரத்தின் தடித்த நைலான் கயிற்றை, முனையை நெருப்பில் காட்டி மழுக்கி, மெல்லச் செலுத்துங்கள். இரும்புக் கம்பியும் காற்றழுத்தக் குழலும் வேண்டாம். உள்ளே குழாய் கிழியலாம், கழன்றும் போகலாம், கழன்றால் முன்பைவிட மோசம். பிறகு அரை லிட்டர் தண்ணீரை மெல்ல ஊற்றிவிட்டு வெளியே போய்க் குனிந்து பாருங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால் தாராளமாகக் கொட்டினால் சரி. ஊற்றியது வெளியே வராமல் கார்ப்பெட் நனைந்தால் குழாய் கழன்றிருக்கிறது. இரண்டு பக்கமும் செய்யுங்கள். சில்லின் அடியில் உள்ள சின்னச் சின்ன வடிதுளைகளையும் ஒரு குச்சியால் கிளறிவிடுங்கள். இலை உதிர்ந்து முடிந்த நவம்பரில் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை. மரத்தடியில் நிறுத்துபவர் இன்னும் அடிக்கடி.

கூரையைத் திறப்பதற்கும் ஒரு முறை உண்டு. கார் நின்றிருக்க வேண்டும், துணி காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பக்கக் கண்ணாடிகளை இறக்குங்கள். பிளாஸ்டிக் பின்ஜன்னல் உள்ள காரென்றால் முதலில் ஜிப்பைத் திறந்து, ஜன்னலைத் தட்டையாகப் படுக்க வைத்து, மேலே ஒரு துண்டை விரியுங்கள். கடுங்குளிரில் இந்தப் பிளாஸ்டிக்கை மடித்தால் விரிசல் விடும், வெயில் வரும்வரை காத்திருங்கள். பிறகு முன்சட்டத்தின் இரு கொக்கிகளையும் விடுவித்து, எழுந்து நின்று, துணி எங்கும் கம்பிக்கு இடையில் கிள்ளாமல் பார்த்துப் பின்னால் தள்ளுங்கள். பழகிவிட்டால் சிக்னலில் நிற்கும்போதே செய்யத் தோன்றும், செய்யாதீர்கள். கழுவும்போது கைதான், தானியங்கிப் பிரஷ் பக்கமே போகக் கூடாது. அழுத்த நீரைத் துணியின் தையலில் அடித்தால் நூல் விடும்.

ஓட்டுவது

முன்சக்கர இழுப்புக் காரிலேயே பழகியவருக்கு இரண்டு விஷயம் புதிதாக இருக்கும். ஒன்று, இன்ஜினைச் சுழற்ற வேண்டும். முதல் தலைமுறை 1.6 தன் முழு சக்தியையும் 6,500 சுற்றுக்குப் பக்கத்தில்தான் தரும். 3,000-இலேயே கியர் மாற்றிக்கொண்டு போனால் இதென்ன இவ்வளவு சொங்கி என்று தோன்றும். சூடேறும் வரை பொறுமையாக ஓட்டுங்கள், அப்புறம் தாராளமாக மிதியுங்கள், அதற்காகத்தான் அதைக் கட்டினார்கள். இத்தனைக்கும் வேகமான கார் இல்லை இது. சாதாரண டீசல் கார் ஒன்று மோட்டார்வேயில் உங்களைத் தாண்டிப் போகும். வளைவுகள் நிறைந்த கிராமப்புறச் சாலையில் 40, 50 மைல் வேகத்திலேயே இதன் சுகம் முழுதாகக் கிடைத்துவிடுகிறது. உரிமத்துக்கும் ஆபத்தில்லை.

இரண்டாவது, பின்பக்கம் வழுக்கும். முதல் தலைமுறையில் வழுக்கலைத் தடுக்கும் மின்னணு உதவி எதுவும் இல்லை, பலவற்றில் ஏபிஎஸ்கூடக் கிடையாது. ஈரமான ரவுண்டபவுட்டில் வளைவின் நடுவே பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால், எடை முன்னால் சாய்ந்து பின்சக்கரங்கள் பிடியை இழக்கும். பிரேக்கை நேரான சாலையிலேயே முடித்துவிட்டு, வளைவுக்குள் சீராக லேசாக மிதித்தபடி போங்கள். கையும் காலும் மெதுவாக இயங்கினால் கார் மிகவும் நாணயமாக நடந்துகொள்ளும், வழுக்கப் போவதை இருக்கை வழியாகவே முன்கூட்டிச் சொல்லும். முதல் மழைக்காலத்துக்கு முன் காலியான, நனைந்த பெரிய இடத்தில் பயிற்சி தரும் ஓட்டுநர் பள்ளி ஒன்றில் ஒருநாள் செலவிட்டால் அந்தக் காசு வீணாகாது. எம்எக்ஸ்-5 ஓனர்ஸ் கிளப்பில் சேர்ந்தால் இதுபோன்ற விவரங்கள் கிடைக்கும், பழைய பாகங்களைத் தேடவும் உதவும்.

லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். அவர் சக்கரத்தின் உயரம்தான் உங்கள் உயரம். பக்கவாட்டில் தங்காமல் தாண்டிவிடுங்கள், இல்லையேல் பின்னாலேயே இருங்கள். கூரை மூடியிருக்கும்போது பின்பக்க மூலைகள் சுத்தமாகத் தெரியாது, சாய்வாகச் சேரும் சந்திப்புகளில் காரைச் சற்று நேராகத் திருப்பி நிறுத்தினால் பார்வை கிடைக்கும். திறந்து ஓட்டும்போது பக்கக் கண்ணாடிகளை ஏற்றி, ஹீட்டரைக் காலுக்குத் திருப்பிவிட்டால் அக்டோபரிலும் சுகமாக இருக்கும். நம் தோலுக்கு இங்கத்திய வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைத்து ஒரு ஜூலை பகல் முழுக்கத் திறந்து ஓட்டியவர்களின் நெற்றியைப் பார்த்திருக்கிறேன். தொப்பியும் சன்ஸ்கிரீனும் வைத்துக்கொள்ளுங்கள்.

வருடா வருடம்

6,000 மைல் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயிலும் ஃபில்டரும். டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் காலிப்பர்களைக் கழற்றி வழுக்கு ஊசிகளுக்குப் புதிய கிரீஸ். குறைவாக ஓடும் கார்களில் அவை இறுகிவிடும், பின்பக்கம் முதலில். ஹேண்ட்பிரேக் பின் காலிப்பருக்குள்ளேயே இயங்குவதால், அது தளர்ந்தால் கேபிளை முறுக்காமல் முதலில் காலிப்பரைச் சரிசெய்ய வேண்டும்.

பேட்டரிக்குச் சாதாரண வகையைப் போடாதீர்கள். டிக்கிக்குள் இருப்பதால் அமிலம் கசியாத, மூடிய ஏஜிஎம் வகையும், அதன் வாயுவை வெளியே கொண்டுபோகும் சின்னக் குழாயும் அவசியம். மலிவாக ஏதோ ஒன்றைப் போட்ட கார்களின் டிக்கி மூலையைத்தான் மேலே பார்க்கச் சொன்னேன்.

துருத் தடுப்புக்கு ஒரு கோடையில் நேரம் ஒதுக்குங்கள். அடிப்பாகத்தை நன்றாகக் கழுவி, பல நாள் காயவிட்டு, சில்லுக்குள்ளும் முன் சேசிஸ் தண்டுகளுக்குள்ளும் நீளக்குழல் வைத்த ஸ்பிரேயால் மெழுகு அடிக்க வேண்டும். ஏற்கெனவே துருவேறிய தகட்டின்மேல் கறுப்புத் தாரைப் பூசி மூடினால் துரு உள்ளே நிம்மதியாக வளரும். விற்பதற்குச் சற்று முன் அப்படிப் பளிச்சென்று கறுப்படித்த காரைக் கண்டாலும் அதே சந்தேகம் வரட்டும்.

குளிர்காலம்

உப்பு தூவ ஆரம்பித்ததும் காரை உள்ளே விடுவதுதான் பலரின் வழக்கம். தனியிடம் இருந்தால், கார் சாலையில் ஓடாது என்று அரசுக்குச் சொல்லும் சார்ன் அறிவிப்புக் கொடுத்து வரியை நிறுத்தலாம், ஆனால் பொதுச்சாலையில் நிறுத்தக் கூடாது. சார்ன் கொடுக்காதவரை காப்பீடும் தொடர வேண்டும். கூரையை மூடியே வையுங்கள், மடித்து மாதக்கணக்கில் விட்டால் துணி சுருங்கி, கொக்கி எட்டாது. டேங்க்கை நிரப்பி, டயரில் சில பிஎஸ்ஐ கூடுதலாக அடித்து, பேட்டரியைப் பராமரிப்புச் சார்ஜரில் போடுங்கள். ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து வைக்காமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், இல்லையேல் பேட் ஒட்டிக்கொள்ளும். ஈரமான மூடிய ஷெட்டைவிடக் காற்றோட்டமுள்ள திறந்த கொட்டகையே காருக்கு நல்லது. காருக்கு மேல் உறை போடுவதென்றால் மூச்சுவிடும் துணி வகையாகப் பாருங்கள்.

உப்பில் ஓட்டியே ஆக வேண்டியவர்கள் வாரம் ஒருமுறை அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். சோப்பு தேவையில்லை.

மார்ச் கடைசியில் வெளியே எடுக்கும்போது காற்றை மறுபடி 26-க்குக் கொண்டுவந்து, ஆயிலையும் பிரேக் திரவத்தையும் பார்த்து, வடிகாலில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். பிரேக் டிஸ்க்கில் மேலாகப் படிந்த துரு முதல் சில மைலில் உரசிப் போய்விடும். அதுவரை முன்னால் போகும் வண்டிக்குத் தாராளமாக இடம் விட்டு ஓட்டுங்கள்.